ஹார்லன்காரர்

இறங்கிப் போனால்தான் என்ன, யாரும் கடித்தா தின்றுவிடப் போகிறார்கள் என்று நெல்லையப்பன் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்து மடியில் படுத்துக்கொண்டது. கோமதியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, "நீ போ, வண்டியை நிறுத்திட்டு வாரேன்" என்று சொல்லி அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். வண்டி அப்போதே நின்றுவிட்டது, அவர்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. சித்திரை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் வானத்துக்கு அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வண்டிகள் நிறுத்தும் திடலின் ஓரத்தில் ஒதுக்கித் தள்ளின பனி கறுத்துப்போய்க் குப்பைமேடு மாதிரி கிடந்தது. உள்ளே சாப்பாடு ஆரம்பித்திருப்பார்கள், கோயில் கதவு திறக்கும்போதெல்லாம் புளியோதரை வாசனை ஹீட்டர் வழியாக வந்து மூக்கில் ஏறியது, பசித்தது, பசித்ததில் இன்னும் எரிச்சல் வந்தது. எதிர் வரிசையில், மூக்கோடு மூக்காக, தணிகாசலத்தின் கார். சாம்பல் நிற ஹார்லன். தை மாதம் பூசை போட்ட சந்தனம் பானட்டில் ஒரு விரற்கடை இன்னும் ஒட்டியிருந்தது. அவருக்கு வேறு இடம் கிடைக்காமல் இல்லை. இங்கேதான் நிறுத்த வேண்டும் என்றுதான் நிறுத்தினார். தணிகாசலம் வெளியே வந்தால் இந்தக் காருக்கு வந்துதான் ஆக வேண்டும், வந்தால் பார்த்துத்தான் ஆக வேண்டும், பார்த்தால் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியதும் நீளமாக ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனி ஹார்லனை மூடப்போகிறது என்று நீ கார் வாங்கினபோது எனக்குத் தெரியாது, தணிகா. அவ்வளவுதான். மூன்று வாரமாகப் போனை எடுக்கமாட்டேன் என்கிறான், பதினைந்து வருஷப் பழக்கம், அவனுக்கு இங்கே முதல் பனிக்காலத்தில் கோட்டு வாங்கிக் கொடுத்தது யார்? அவன் ஒருவன் இந்த ஒரு வரியை நம்பிவிட்டால் போதும். மற்றவர்கள் எக்கேடும் கெட்டுப் போகட்டும்.

மற்றவர்கள் என்றால் இதோ, இந்தத் திடல் முழுக்க மற்றவர்கள்தான். வரிசை வரிசையாக ஹார்லன். பச்சை ஹார்லன் பல் டாக்டருடையது, இரண்டு கதவு ஹார்லன் பட்டிமன்றத்தில் பேசுகிறவருடையது, பின்கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டினது கோயில் பொருளாளருடையது. எல்லாக் கார்களின் மூக்கிலும் அந்தக் குட்டிக் கலங்கரை விளக்கச் சின்னம். அத்தனையும் அவர் கை வழியாக வந்தவை. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்துக்கு இத்தனை என்று தள்ளுபடி எண் தருவார்கள், சொந்தக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்துக்கொள்ளலாம். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் மச்சினனுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு மீதியை மறந்துவிடுவார்கள். நெல்லையப்பன் அவர்கள் மேஜை மேஜையாகப் போய் அந்த மீதியையும் கேட்டு வாங்கி வந்து தமிழர்களுக்குப் பங்கு வைத்தார். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன் போன் பண்ணுவான். அண்ணா, சௌக்கியமா, அண்ணி சௌக்கியமா, அந்தப் பக்கம் பனி எப்படி என்பான். பனிக்கு அடுத்த வாக்கியம் கார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஊரில் இன்னொரு நெல்லையப்பன் இருந்தார், இதய டாக்டர். எந்த நெல்லையப்பன் என்று யாராவது கேட்டால், ஹார்லன்காரர் என்பார்கள். டாக்டருக்குக்கூட அப்படி ஒரு பட்டம் இல்லை. இப்போது அந்தக் கார்களை விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்கிறானாம். அதனால் எல்லாருக்கும் ஒரே கேள்வி. தெரியாமலா இருக்கும்? நேரில் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலாவது பதில் சொல்லித் தொலைத்திருக்கலாம். கோமதியிடம் ஜாடையாகக் கேட்கிறார்கள், அவள் வந்து சொல்கிறாள். இருபத்திரண்டு வருஷம் உள்ளேயே இருக்கிற மனுஷன், அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியாது. தெரியாதய்யா. நான் அங்கே என்ன முதலாளியா? முன் இருக்கை முன்னும் பின்னும் நகர்கிறதே, அதன் அடியில் இரண்டு தண்டவாளம் இருக்கிறதே, அந்தத் தண்டவாளம்தான் நான். இருபத்திரண்டு வருஷமாக அதுதான். நெம்புகோலை இழுத்தால் நகர வேண்டும், விட்டால் டக்கென்று பிடித்துக்கொள்ள வேண்டும், மோதினால் கழன்றுவிடக் கூடாது. இந்தத் திடலில் இருக்கிற ஒவ்வொரு பிருஷ்டமும் என் தண்டவாளத்தின் மேல்தான் உட்கார்ந்து போகிறது, அந்த நன்றிகூட இல்லை. ஆனால் அதை யாரிடம் சொன்னார்? ஒரு நாளாவது, ஒரு விருந்திலாவது, நான் தண்டவாளம் செய்கிறவன் என்று வாயைத் திறந்து சொன்னது உண்டா? கையில் வடையை வைத்துக்கொண்டு, சாம்பார் கிண்ணத்தைப் பார்த்தபடி, "அடுத்த வருஷம் ஒண்ணு வருது. இப்ப சொல்லக்கூடாது" என்பார். அப்போது உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரிக்கும், அதைக் கண்ணாடியில் பார்த்துப் பழகினாரோ என்னவோ. சுற்றி நிற்பவர்கள் ஒரு அடி நெருங்கி வருவார்கள். என்னண்ணா, புது இன்ஜினா? தலையை ஆட்டமாட்டார், மறுக்கவும் மாட்டார். அந்த வருஷம் வந்தது டம்ளர் வைக்கிற ஒரு வளையம். அதற்கு முந்தின வருஷம் "ஒரு பெரிய விஷயம்" என்று சொன்னாரே, அது இருக்கைத் துணியில் ஒரு புதுப் பழுப்பு நிறம். இதையெல்லாம் அவர் பொய் என்று நினைத்ததே இல்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது எப்படிப் பொய்யாகும்? சொல்லாமல் சொல்லாமல்தான் இவ்வளவு பெரிய ஆளாகியிருக்கிறார். இப்போது போய் நின்று, எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் எந்த மடையன் நம்புவான்? எல்லாம் தெரிந்தவன் மாதிரி நின்ற வாய்தானே இது என்பான். அவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்று வாரத்துக்கு முந்தின அந்தச் செவ்வாய்க்கிழமை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் சரிவில் ரேடியோக்காரன் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பனியால் விடுமுறை என்று சொன்னான், அதே மூச்சில் ஹார்லன் கார்களை இனித் தயாரிக்கப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்திருப்பதாகச் சொன்னான், அடுத்து வானிலைக்குப் போய்விட்டான். நெல்லையப்பன் வேறு நிலையம் மாற்றினார். அங்கே பாட்டு. இன்னொன்றில் பல் பசை விளம்பரம். முதல் நிலையத்துக்கே திரும்பி வந்தபோது பிற்பகலில் காற்று அடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். காதில் தப்பாக விழுந்திருக்கும், வேறு ஏதோ கம்பெனி, ஹார்லன் என்று பெயருள்ள ஏதோ மிட்டாய்க்கடை. ஹார்லன் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஹார்லன் ரேடியோவில், ஹார்லன் செத்ததைக் கேட்கிற கேவலம் எவனுக்காவது வருமா? ஆபீசில் டக் என்ற வெள்ளைக்கார மேலாளன் காப்பிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் பார்த்து நின்றிருந்தான். அவன் அப்பாவும் ஹார்லனில் இருந்தவர். "நீ கேட்டதுதான் நெல், நானும் கேட்டேன்" என்றான். அவனும் ரேடியோவில்தான். பத்து மணிக்கு வழக்கமான கூட்டம், அடுத்ததற்கு அடுத்த வருஷ மாடலில் தண்டவாளம் கிறீச்சிடுகிறது என்ற விஷயம். கூட்டத்தை ரத்து செய்யச் சொல்லி மேலேயிருந்து யாரும் சொல்லவில்லை, அதனால் எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். வராமலே போகப்போகிற ஒரு காரின் கிறீச்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, வேறு மசகு போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்துக் கலைந்தார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை, ஒருத்தனும் அழவில்லை. மத்தியானம் கோமதிக்குப் போன் பண்ணினார். ஹார்லனை மூடறாங்களாம் என்றார். யாரு சொன்னா என்றாள். ரேடியோவுல சொன்னான் என்றதும், ரேடியோவுலயா என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் காதில் நிற்கிறது.

சரி, ரேடியோவை விடு, உன் கண் எங்கே போயிற்று? இதையும் அவரே கேட்டுக்கொண்டார், இந்தக் கேள்விக்கு வந்து சேராமல் எந்த நினைப்பும் முடிவதில்லை. ஒருநாளில் செத்த காரா அது? குதிரை வண்டி செய்துகொண்டிருந்த குடும்பம் ஆரம்பித்த பெயர், ஒரு காலத்தில் ஊர் டாக்டரும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் வாங்குகிற கார், கடனில்லாமல் வாழ்கிறவனின் கார் என்று பெயர். பிறகு கணக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கம்பெனி மூன்று பெயரில் கார் விற்கிறது, அதற்கு எதற்கு மூன்று உடம்பு, ஒன்று போதாதா என்றார்கள். ஒரே காரைச் செய்து மூக்கில் ஒட்டுகிற சின்னத்தை மட்டும் மாற்றினார்கள். மூன்றுக்கும் ஒரே இருக்கை, ஒரே தண்டவாளம், தையல் நூலின் நிறம் மட்டும் வேறு. அவருக்கே தெரியும், பழுப்பு நூல் போட்டால் ஹார்லன். மூன்று கடையில் விற்கிற ஒரே இட்லிக்கு எவன் தேடிக்கொண்டு வருவான்? வருஷா வருஷம் கூட்டத்தில் ஒரு படம் காட்டுவார்கள், ஹார்லன் வாங்குபவரின் சராசரி வயது. ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது கூடியது. அதற்கு என்ன அர்த்தம்? புதிதாக ஒருத்தனும் வரவில்லை, பழைய ஆட்களே கிழவர்களாகிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம். அதைப் பார்த்து நாமும் தலையை ஆட்டிவிட்டு டோநட் தின்றோமே. இளசுகளைப் பிடிக்கிறோம் என்று சிவப்பில் ஒரு கார் விட்டார்கள், கிழவர்கள் பயந்து போனார்கள், இளசுகள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் யார்தான் வாங்கினார்கள்? இதோ, இந்தத் திடல் வாங்கியது. கடைசி சில வருஷம் அந்தச் சராசரி வயதை இழுத்துப் பிடித்து நிறுத்தினதே மிச்சிகன் தமிழர்கள்தான், கம்பெனிக்காரன் இதற்கு அவருக்கு ஒரு சால்வையாவது போர்த்தியிருக்க வேண்டும். போர்த்தினான். லாரிப் பிரிவில் போய் உட்கார் என்றான். வேறு மாடி, அதே நாற்காலி. வேலை போகவில்லையே என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதனால் துக்கம் விசாரிக்கவும் யாரும் இல்லை. வேலை போயிருந்தாலாவது தணிகாசலம் நம்பியிருப்பான். அந்த லாரிப் பிரிவுதான் எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும், ஐம்பத்தைந்து வயதில் எவன் கூப்பிட்டு வேறு வேலை கொடுப்பான்.  

அன்றைக்கு அந்த எலுமிச்சம்பழமாவது ஒழுங்காக நசுங்கித் தொலைத்திருக்கலாம். தை முதல் நாள், இதே திடல், தணிகாசலத்தின் புதுக் காருக்குப் பூசை, மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். குருக்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு அதற்கு மேல் அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டு மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். பூசை என்பதால் சுற்றி நின்ற எல்லாரும் செருப்பைக் கழற்றியாயிற்று. நெல்லையப்பன் ஷூவைக் கழற்றிக் காலுறையோடு பனித் தண்ணீரில் நின்றார், ஹார்லன்காரர் இல்லாமல் ஹார்லனுக்குப் பூசையா என்று தணிகாசலம் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்னால் நிறுத்தியிருந்தான். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. தட்டில் வெகுநேரம் வெளியிலேயே இருந்ததால் பழம் உறைந்து கல்லாகியிருந்தது, அது யாருக்கும் தோன்றவில்லை. தணிகாசலம் காரை நகர்த்தினான், மூன்று பழம் நொறுங்கிற்று, நாலாவது நசுங்காமல் டயரின் அடியிலிருந்து தெறித்துப் போய், திடலைக் கடந்து உருண்டு, நெல்லையப்பனின் கார் அடியில் போய் ஒளிந்துகொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஹார்லன்காரருக்குக் கமிஷன் போயிடுச்சு என்று பல் டாக்டர் சொன்னார், அதற்கு இன்னும் ஒரு சிரிப்பு. நெல்லையப்பன் சிரிக்கவில்லை. கால் விரல் பத்தும் செத்துப்போயிருந்தது, எப்போது ஷூவைப் போடலாம் என்பதைத் தவிர அந்த நேரத்தில் அவர் தலைக்குள் வேறு எதுவுமே இல்லை. எதுவுமே இல்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வார்.

கோயில் கதவு திறந்தது. புளியோதரை வாசனை. தணிகாசலம் தனியாக வந்தான், கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டு. சாவியை எடுத்துக்கொண்டே வந்தவன் நடுத் திடலில் நின்றான். பார்த்துவிட்டான். தட்டைத் தன் கார் மேல் வைத்தான், திரும்பி வந்தான், வந்து இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கோமதியின் இடத்தில் உட்கார்ந்தான். உயரமானவன், முழங்கால் முன்னால் இடித்தது. குனிந்து நெம்புகோலை இழுத்து இருக்கையைப் பின்னால் தள்ளினான். டக்கென்று பிடித்துக்கொண்டது.

"உள்ள வரலியாண்ணா?"

"வரணும். சாப்ட்டியா?"

"ஆச்சு." கொஞ்ச நேரம் தன் காரையே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, ஒண்ணு சொல்லிடறேன். மூணு வாரமா மனசுல வெச்சிக்கினு சுத்தறேன். போன எடுக்காதது தப்புதான். கோவம். கார் மேல இல்லண்ணா, கார் சூப்பரா ஓடுது. தெரிஞ்சும் நம்பகிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னுதான்."

"தணிகா, நான் வந்து..."

"இருங்க, நான் முடிச்சிடறேன். வீட்ல உக்காந்து பேசனோம். அவதான் சொன்னா, அவரு எப்படிங்க சொல்வாரு, வெளிய சொன்னா வேல பூடும், கையெழுத்து வாங்கிக்கினு இருப்பாங்கன்னு. அப்பதான் எனக்கு உரைச்சுது. எங்க ஆஸ்பத்திரியில மட்டும் என்னா, ஒரு எக்ஸ்ரே பாத்தா அந்தாளுக்கு என்னான்னு எனக்குத் தெரியும், வாயத் தொறக்க முடியுமா? அன்னிக்குப் பூசையில எலுமிச்சம்பழம் ஓடனப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் சிரிக்கல. நான் பாத்தேன். மூஞ்சியே சரியில்ல ஒங்களுக்கு. உள்ள எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க. விட்ருங்கண்ணா. நானும் விட்டுட்டேன்."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. இதைவிட ஒருத்தனை அவமானப்படுத்த முடியுமா? நெல்லையப்பனுக்குக் காது சுட்டது. ஷூ, தணிகா, ஷூ, கால் விறைத்துப் போச்சுடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. "எனக்கு" என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியாது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தணிகாசலம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இன்னும் அந்தப் பழைய மரியாதை இருந்தது, சாம்பார் கிண்ணத்தைச் சுற்றி ஒரு அடி நெருங்கி வருவார்களே, அது. மூன்று வாரமாக அவர் ஒரே பயத்தைத்தான் பயந்தார், நம்பாமல் போய்விடுவானோ என்று. நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நம்புவான். நல்லவன், நம்பிவிடுவான். நம்பினதும் அடுத்த நிமிஷம் இந்த முகம் என்ன ஆகும்? இருபத்திரண்டு வருஷம் இருந்தும் ஒருத்தனும் சொல்லலியாண்ணா? ரேடியோவுலயா கேட்டீங்க? அப்புறம் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். அடுத்த வருஷம் ஒண்ணு வருது. ஒரு பெரிய விஷயம். டம்ளர் வளையம். பழுப்புத் துணி. பதினைந்து வருஷமும் நூலைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிற மாதிரி அவிழ்ந்துபோய், கடைசியில் தண்டவாளத்துக்கு மசகு போடுகிற ஒரு ஆள் மிஞ்சுவான். கெட்டவன் என்றால்கூடப் பரவாயில்லை. ஐயோ பாவம் என்று விடுவான்.

"தெரியும்" என்றார் நெல்லையப்பன்.

தணிகாசலம் மூச்சை விட்டான். "அதானே. எப்பலேந்துண்ணா?"

"போன வருஷமே."

"யப்பா. எப்டித்தான் உள்ள வெச்சிக்கினு இருந்தீங்களோ." தலையை ஆட்டினான். நம்பமுடியாத ஒரு பெரிய மூட்டையைத் தூக்கின ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான், காருக்குள் வேறு யாரும் இல்லாவிட்டாலும். "அப்ப அந்த லாரிப் பிரிவு? அது நிக்குமா?"

அது நிற்குமா என்று அவருக்கே தெரியாது. ஆனால் உதட்டின் ஒரு ஓரம், அவரைக் கேட்காமலே, சிரித்துவிட்டது. "இப்ப சொல்லக்கூடாது" என்றார்.

தணிகாசலம் அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கினான். கோயில் பக்கமிருந்து கோமதியும் தணிகாசலத்தின் மனைவியும் ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். "அண்ணி, அண்ணன் மனசு விட்டுப் பேசிட்டாரு" என்று எதிரே சொல்லிக்கொண்டு அவன் தன் காருக்குப் போனான். கோமதி ஏறி உட்கார்ந்தாள். கால் எதற்கும் எட்டவில்லை. நெம்புகோலை இழுத்து இருக்கையை முன்னால் கொண்டுவந்தாள், டக். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது, ஆனாலும் முகத்தில் பல நாள் பாரம் இறங்கின தெளிவு.

"இங்கனயே உக்காந்திருக்கீங்களே, உள்ள வந்திருக்கலாம்லா. இனிமே யாரு மூஞ்சிக்கும் பயப்பட வேண்டாம்" என்றாள். "அடுக்களையில வச்சு எல்லார்ட்டயும் ஒடச்சுச் சொல்லிட்டேன். அவியளுக்கு ஒண்ணுமே தெரியாது, ரேடியோவுல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாவ, அன்னைக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணி அழமாட்டாத கொறையா சொன்னாவன்னு சொன்னேன். மொதல்ல நம்பல. பொறவு நம்பிட்டாங்க. பாவம், இத்தன வருசம் ஒழச்ச மனுசன்ட்ட ஒரு வார்த்த சொல்லலையேன்னு ஆளாளுக்கு வருத்தப்பட்டாங்க. தணிகாசலம் வீட்டம்மா அழுதே போட்டா. இந்தா இப்பவே அவர்ட்ட சொல்லுதேன்னு வந்திருக்கா."

நெல்லையப்பன் எதிரே பார்த்தார். மூக்கோடு மூக்காக நிற்கிற கார். இரண்டு கண்ணாடிக்கு அப்பால், தணிகாசலத்தின் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவன் சாவியைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு முடிந்தது. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான்.

"என்னங்க, வண்டிய எடுக்கலியா?" என்றாள் கோமதி.

மழையும் இல்லை, பனியும் இல்லை. நெல்லையப்பன் வைப்பரைப் போட்டார்.